குதிரையிடம் பாடம் படிக்கப் போகிறேன் என்கிறாள் என் மாணவி

இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டுப் படியுங்கள்.

நம் பள்ளியில் என்னிடம் கணக்குப் படித்த ஒரு மாணவி இப்போது பெங்களூரில் மனிதவளப் பிரிவில் நல்ல பொறுப்பில் இருக்கிறாள். போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "சார், வேலையை விட்டுட்டு, குதிரைகளை வச்சு மனுஷங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற சான்றிதழ் படிப்புல சேரலாம்னு இருக்கேன். வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" மறுநாளே அவள் அப்பாவும் போன் செய்துவிட்டார். "சார், எம்.பி.ஏ. படிச்ச புள்ள குதிரை பிடிக்கப் போறேங்குது. நீங்க சொன்னா கேட்டுக்கும்."

அந்தப் பிள்ளைக்குத் தனியாகப் பதில் எழுதிவிட்டேன். ஆனால் இந்த மாதிரிக் கேள்வி உங்களில் பலர் வீட்டுக்கும் வரும். வேலையை விட்டு வேறு தொழிலுக்குப் போக நினைக்கிற வயதில்தான் என் மாணவர்களில் பாதிப் பேர் இருக்கிறார்கள். அதனால் பொதுவிலும் எழுதுகிறேன்.

சிரிப்பதற்கு முன் இது என்ன என்று பார்ப்போம். பலர் நினைப்பது போல இது குதிரையேற்றம் இல்லை. பெரும்பாலும் குதிரை மேல் ஏறுவதே கிடையாது. வேலி போட்ட மைதானத்தில் ஒன்றிரண்டு குதிரைகளை அவிழ்த்து விட்டிருப்பார்கள். பயிற்சிக்கு வந்தவரிடம், "இந்தக் குதிரையை அந்த இரண்டு கம்புக்கு நடுவால் கூட்டிக்கொண்டு போங்கள். கயிறு கிடையாது, தீனி கிடையாது" என்பார்கள். ஆபீசில் ஐம்பது பேரை விரட்டி வேலை வாங்குகிறவர் இங்கேயும் கையை வீசிக்கொண்டு போவார். குதிரை மறுபக்கம் நடந்துவிடும். இன்னொருவர் பேசாமல் கொஞ்ச நேரம் நிற்பார், மெதுவாகப் பக்கத்தில் போவார், தான் முன்னால் நடப்பார், குதிரை பின்னாலேயே வரும். அப்போது பயிற்சியாளர், "என்ன நடந்தது? நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆபீசிலும் இப்படித்தானா?" என்று கேட்பார். அவர் வேலை அந்தக் கேள்வி கேட்பதுதான், பிரசங்கம் கிடையாது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999-ல் ஈகாலா என்ற அமைப்பு தொடங்கி இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். மனநலம் படித்தவர் ஒருவர், குதிரை அறிந்தவர் ஒருவர், குதிரை, மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குழு என்பது அவர்கள் விதி. ஐரோப்பாவில் கம்பெனி அதிகாரிகளுக்கான பயிற்சியாகவும் இது வளர்ந்தது. இப்போது இந்தியாவிலும் வந்துவிட்டது.

குதிரைக்கு இதில் என்ன தனிச் சிறப்பு, நாயை வைத்துச் செய்யக்கூடாதா என்று என் மைத்துனர் கேட்டார். நல்ல கேள்விதான். நாய் வேட்டையாடும் இனம், குதிரை வேட்டையாடப்படும் இனம். நாய் நம்மை எப்படியாவது சந்தோஷப்படுத்தப் பார்க்கும். குதிரைக்கு அந்தக் கவலை இல்லை. பக்கத்தில் வருகிறவனால் ஆபத்தா இல்லையா என்பதுதான் அதற்கு முதல் கேள்வி. கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரிக்குச் சுற்றிலும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. பழனி அடிவாரத்து வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரு பக்கமும் தோல் மறைப்புக் கட்டுவது அதனால்தான். பின்னால் போகாதே, உதைக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதற்கும் காரணம் அதுதான்.

2016-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 28 குதிரைகளுக்கு மனித முகங்களின் பெரிய போட்டோக்களைக் காட்டினார்கள். கோபமான முகத்தைக் கண்டால் இடது கண்ணால் பார்ப்பது அதிகமாக இருந்தது, நெஞ்சுத் துடிப்பும் சீக்கிரம் ஏறியது. போட்டோவுக்கே அப்படி என்றால் நேரில் நிற்கிற ஆளை எவ்வளவு கவனிக்கும்!

ஆனால் இங்கேதான் ஒரு கணக்கு வாத்தியாராக நான் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. "குதிரை உங்கள் மனதைப் படிக்கும்", "குதிரை பொய் சொல்லாத கண்ணாடி" என்றெல்லாம் விளம்பரத்தில் எழுதுகிறார்கள். குதிரை படிப்பது உடம்பைத்தான். இதைக் கண்டுபிடித்த கதை எங்கள் தொழிலோடு சேர்ந்த கதை.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஹான்ஸ் என்ற தன் குதிரைக்குக் கரும்பலகை வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். ஏழும் ஐந்தும் எத்தனை என்றால் ஹான்ஸ் பன்னிரண்டு முறை குளம்பைத் தட்டும். பின்னம் கூடப் போட்டது. (நம்ம எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு இதைப் படித்துவிட்டு என் மேல் கோபப்பட வேண்டாம்.) காசு வாங்காமல்தான் எல்லாருக்கும் காட்டினார். 1904-ல் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்து, இதில் வித்தை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. அவருடைய மாணவர் ஆஸ்கர் ஃபூங்ஸ்ட் மட்டும் விடவில்லை. கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாதபடி செய்து பார்த்தார். ஹான்ஸ் தப்புத் தப்பாகத் தட்டியது. கேட்கிறவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தார். அப்போதும் தப்பு. கடைசியில் விஷயம் இதுதான்: கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கக் கொஞ்சம் குனிகிறார், சரியான எண் வந்ததும் அவரை அறியாமல் தலை நூலளவு நிமிர்கிறது. அந்த நூலளவைக் குதிரை பார்த்து நிறுத்திவிடுகிறது. ஃபூங்ஸ்ட் 1907-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஃபான் ஓஸ்டன் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1909-ல் காலமானார்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. முப்பது வருஷம் நான் பார்த்த காட்சி அல்லவா அது! பையன் எழுந்து நிற்பான். "பதினாலு..." என்பான். என் புருவத்தைப் பார்ப்பான். "இல்ல சார், பதினா...று" என்பான். மறுபடி பார்ப்பான். புருவம் இறங்கினால் விடையை அழுத்திச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். பின் பெஞ்சில் இருப்பவர்கள் இதில் இன்னும் கெட்டிக்காரர்கள். என் நடை வேகத்தை வைத்தே இன்றைக்கு வீட்டுப்பாடம் கேட்பேனா மாட்டேனா என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே இந்தப் பயிற்சியில் உண்மையான சரக்கு இருக்கிறது என்பது என் கருத்து. நம் உடம்பு நம்மைக் கேட்காமல் என்ன பேசுகிறது என்பதைக் கூடவேலை செய்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள், பயப்படுவார்கள். குதிரை சம்பளம் வாங்கவில்லை. அது நடந்து காட்டிவிடும். வகுப்புக்கு வரும் புது ஆசிரியர்களுக்கு பி.எட். படிப்பில் ஒரே ஒரு நாள் இப்படி ஒரு குதிரைக்கு முன்னால் நிற்க வைத்தால் நல்லது என்று கூட நினைக்கிறேன். ஆனால் இதே ஹான்ஸ் கதை பயிற்சியாளருக்கும் பொருந்தும். "பாருங்கள், உங்களுக்குள் இருக்கும் பழைய துக்கத்தைக் குதிரை உணர்ந்து விலகிப் போகிறது" என்று ஒருவர் சொன்னால், குதிரைக்கு ஈ கடித்ததா, வெயில் பட்டதா, பக்கத்துக் குதிரை கூப்பிட்டதா என்று முதலில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். குதிரை தெரியாதவன் கையில் இந்தத் தொழில் ஜோசியமாகிவிடும்.

அடுத்தது, இதைவிட முக்கியமானது. என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு ஆட்டிசம் உள்ள பையன். இந்தப் பேச்சு எங்கள் குடும்பக் குழுவில் ஓடியதும் அவள் எனக்குத் தனியாக எழுதினாள்: "சித்தப்பா, குதிரை கிட்ட விட்டா இவன் பேசுவானா?"

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவில் பாதி.

குதிரையோடு சேர்ந்த வேலைகள் பல வகை. எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஒன்றல்ல. இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இருந்து, குதிரையின் நடையையே சிகிச்சையாகப் பயன்படுத்துவது ஒன்று. குதிரை நடக்கும்போது மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு, மனிதன் நடக்கும்போது அசைவது போலவே முன்பின்னாக, பக்கவாட்டில், மேலும் கீழும் அசைகிறது. நடக்க முடியாத குழந்தையின் உடம்புக்கு நடையைக் காட்டுகிற வழி அது. மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் கற்றுத் தருவது இன்னொன்று. மனநல நிபுணர் செய்யும் சிகிச்சை வேறு. என் மாணவி படிக்கப் போகிற கற்றலும் கோச்சிங்கும் வேறு. இந்தக் கடைசி வகை சிகிச்சையே இல்லை.

டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் கதையைச் சொல்லாமல் இதைத் தாண்ட முடியாது. 1944-ல், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது போலியோ வந்தது. முழங்காலுக்குக் கீழே செயலற்றுப் போனது. மற்றவர்கள் தூக்கி உட்கார வைக்க, மறுபடி குதிரையேறினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு டிரெசாஜ் பிரிவில் வெள்ளி வாங்கினார். அந்தப் பிரிவில் பெண்களை அனுமதித்ததே அந்த வருஷம்தான். 1956-லும் வெள்ளி. இதற்குப் பிறகுதான் பல நாடுகளில் இந்த வேலை வேகம் பிடித்தது. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் குதிரையேற்றச் சங்கம் 1969-ல் உருவானது. சிங்கப்பூரில் 1982-லிருந்து அப்படி ஒரு சங்கம் குழந்தைகளிடம் கட்டணம் வாங்காமல் நடத்தி வருகிறது. அங்கே இருக்கும் நம் உறவுகள் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.

ஆட்டிசத்துக்கு வருவோம். 2015-ல் அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பத்து வாரம் ஒரு பாதிக்குக் குதிரையேற்றமும் மறு பாதிக்குக் குதிரையே இல்லாமல் லாயத்தில் மற்றப் பாடங்களும் வைத்துப் பார்த்தார்கள். குதிரையேறிய பிள்ளைகளிடம் எரிச்சலும் படபடப்பும் குறைந்தன, பேசும் சொற்களும் கூடின. நல்ல செய்திதான். ஆனால் அது ஆட்டிசத்தை மாற்றிவிட்டது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. மனநோய்களுக்கான குதிரைச் சிகிச்சை பற்றி அதற்கு முந்தைய வருஷம், 2014-ல், ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த அமெரிக்க உளவியலாளர்கள், நம்பும்படியான ஆதாரம் இன்னும் இல்லை என்றே எழுதினார்கள்.

அவளுக்கு நான் எழுதியது இதுதான்: "கண்ணு, பிள்ளைக்குக் குதிரை பிடித்தால் கூட்டிக்கொண்டு போ. சந்தோஷமாக இருப்பான். அதுவே பெரிய விஷயம். பேச்சுப் பயிற்சியையும் சிறப்பாசிரியர் வகுப்பையும் ஒரு நாள் கூட நிறுத்தாதே. குதிரை குணப்படுத்தும் என்று யாராவது சொல்லி மொத்தமாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதையும் நம்பத் தயாராக வருகிற தாய்மார்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் கையில் இருப்பது நகை விற்ற காசு. அந்தக் காசுக்கு முன்னால் "சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர்" என்ற பலகை என்ன செய்யும் என்பதுதான் என் கவலை.

சான்றிதழ் விஷயத்தை நேராகவே சொல்கிறேன். நம் நாட்டில் கோச் என்று பலகை மாட்ட எந்த அரசு உரிமமும் தேவையில்லை. குதிரைக் கோச்சுக்கும் அப்படியே. தருவது தனியார் அமைப்புகளின் சான்றிதழ். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் சிறப்புக் கல்வியும் கொடுக்க 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் இருக்கிறது. பதிவேட்டில் பெயர் இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்வது தண்டனைக்குரியது. குதிரைச் சான்றிதழ் அந்தப் பதிவுக்கு ஈடாகாது.

மதுரைப் பக்கத்து ஆட்களான நமக்கு இது புதுசா? நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை ஆவணி மூலத்துக்கு வருஷா வருஷம் பார்க்கிறோம். பகலில் கொட்டடியில் வரிசையாக நின்றவை எல்லாம் அரபுக் குதிரைகள். ராத்திரி ஊளையிட்டபோதுதான் பாண்டியனுக்குத் தெரிந்தது. வாங்கும்போது எல்லாச் சான்றிதழும் பரிதான்.

புராணம் வேண்டாம் என்பவர்களுக்குச் சரித்திரம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைப் பெரும் விலை கொடுத்து வாங்குவதையும், வருஷ முடிவில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்திருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர் இங்கே இல்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை விற்கும் வியாபாரிகள் அப்படித் தெரிந்தவர்கள் யாரும் இங்கே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! ஆறு நாள், பத்து நாள் வகுப்பில் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது எனக்கு அந்த வியாபாரிகள் நினைவுதான் வருகிறது.

லாயத்து அறிவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் வத்தலக்குண்டு வழியாகத்தானே கொடைக்கானல் பஸ் எல்லாம் போகிறது. மேலே ஏரியைச் சுற்றி மட்டக்குதிரை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மலைச்சாலை வருவதற்கு முன் வெள்ளைக்காரர்கள் மேலே போனதே மட்டக்குதிரையிலும் டோலியிலும்தான். அழுகிற குழந்தையை எந்தக் குதிரையில் உட்கார வைக்கலாம், வீராப்புப் பேசுகிற மாப்பிள்ளைக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று அந்தக் குதிரைக்காரர் ஒரே பார்வையில் முடிவு செய்வார். காது பின்னால் மடிந்தால் என்ன, ஒரு காலை லேசாகத் தூக்கி நின்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில், பல்லைப் பார்த்து வயது சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்கும் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. கட்டணம் லட்சத்தில், பாடம் இங்கிலீஷில்.

அவர்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. முதுகில் புண்ணோடு சவாரிக்கு நிற்கும் குதிரையையும், சீசன் முடிந்ததும் ரோட்டில் திரிய விடப்படும் குதிரையையும் நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தக் குதிரைக்காரரின் பிள்ளையைக் கூலிக்குச் சாணி அள்ள வைத்துவிட்டு, குதிரையை நேற்றுத் தொட்டவர் மணிக்கு இவ்வளவு என்று வாங்குவது நியாயமாகப் படவில்லை. ஒரு குழுவில் குதிரை அறிந்தவர் ஒருவர் வேண்டும் என்பது விதியானால், அந்த இடம் இவர்களுக்குச் சம்பளத்தோடு வர வேண்டும்.

என் மாணவிக்கு எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். போ என்றுதான் எழுதினேன். வேலையை இப்போதே விடாதே, ஆறு மாதம் சனி ஞாயிறு ஒரு லாயத்தில் போய் வேலை செய். குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யவும், வயிற்று வலி வந்த குதிரையை அடையாளம் காணவும் வரட்டும். ரணஜன்னி ஊசி போட்டுக்கொள், லாயத்து மண்ணில் அந்தக் கிருமி இருக்கும். கம்பெனி ஆட்களுக்குப் பயிற்சி கொடு, அது உனக்குத் தெரிந்த உலகம். மனநோய்க்கும் குழந்தைகளின் குறைபாட்டுக்கும் பதிவுபெற்ற நிபுணர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதே.

அவள் அப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொன்னேன். குதிரை பிடிப்பது கேவலம் என்ற பேச்சு வேண்டாம். நம் ஊர் எல்லையில் அய்யனார் ஏறிப் போவது எது? பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போடுகிற விஷமுறிவு ஊசி எதன் ரத்தத்திலிருந்து வருகிறது? அவரும் சிரித்துவிட்டார். "சரி சார், எவ்வளவு செலவாகும்?" என்று கேட்டார்.

படிப்புச் செலவை அவள் பார்த்துக்கொள்வாள். நான் அவருக்குப் போட்டுக் கொடுத்தது குதிரையின் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு உடம்பு எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று வைத்தால் தினமும் எட்டுக் கிலோ உலர்ந்த தீனி. முப்பது லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், வெயில் காலத்தில் இன்னும் கூடும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும், லாடம் மாற்ற வேண்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசி, நல்ல கால்நடை மருத்துவர். இதெல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடிய பிராணிக்கு. அதில் கடைசிப் பத்து வருஷம் அதனால் வேலை செய்ய முடியாமல் போகலாம்.

சேரப் போகிற பயிற்சி மையத்தில் அவளை முதலில் கேட்கச் சொன்ன கேள்வியும் அதுதான்: "உங்கள் வயதான குதிரைகள் இப்போது எங்கே இருக்கின்றன?" கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் அட்வான்ஸ் கட்டட்டும்.